அக்கா பிறத்தியாருக்குச் சொன்ன பதில்

மற்றவர்கள் வீட்டுப் படலையைத் தட்டி, "நித்திரை வருகுதோ? சாப்பாடு இறங்குதோ? மனம் எப்பிடி இருக்கு?" என்று கேட்பதுதான் என் தொழில். சம்பளத்துக்கு ஊர் விடுப்பு, ஊர்க்கதை பிடுங்குகிறவள் என்று என் கணவர் பகிடி பண்ணுவார். பகிடிதான், ஆனால் பெரிய பொய்யும் இல்லை. சனத்தின் உடம்பும் மனமும் எப்படி இருக்கின்றன என்று சில வருடங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்க் கேட்டு அறியும் சுகநலக் கணக்கெடுப்பில் வெகுகாலமாக வேலை செய்கிறேன். முதலில் கேள்வி கேட்கப் போகிறவளாக இருந்தேன். இப்போது கேட்கப் போகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களை மேற்பார்வை செய்கிறேன்.

எங்கள் ஆட்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்பது லேசுப்பட்ட வேலை இல்லை. உடம்பைப் பற்றிக் கேட்டால் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். முழங்கால் நோ, சீனி வருத்தம், பிரஷர், கண்ணில் பூ என்று எல்லாம் வரும். குளிசைகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பி, இது காலமை, இது இரவு என்று வகுப்பே எடுப்பார்கள். மனதைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஊருக்கெல்லாம் ஒரே பதில். "எங்களுக்கென்ன, இருக்கிறம்."

எங்களிடம் ஓர் ஏணிப் படம் இருக்கிறது. உச்சிப்படி என்பது ஒருவர் நினைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடிப்படி மிக மோசமான வாழ்க்கை, இன்றைக்கு நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். கோப்பாயில் ஒரு தோட்டக்காரர் அந்தப் படத்தை வாங்கி வெயிலில் பிடித்து நன்றாகப் பார்த்தார்.

"அடிப்படியிலை நிண்டால் ஏதும் தருவியளோ பிள்ளை?" என்றார்.

"இல்லை ஐயா, நாங்கள் ஒண்டும் தாறதில்லை."

"அப்ப நடுவிலை போடுங்கோ."

குசினிக்குள் அவர் மனைவி சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன், நடுப்படியைக் குறித்தேன், அவர்கள் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன், எழும்பி வந்தேன். சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. அந்த மனுசன் கேட்டதில் என்ன பிழை? எத்தனை பேர் வந்து அவரிடம் எதையெதையோ பதிந்துகொண்டு போயிருப்பார்கள். நான் அடுத்த ஆள், அவ்வளவுதான். கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம் என்ற குற்ற உணர்வு இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. நான் அதைத் தொழிலோடு கூட வருகிற வருத்தமாக எடுத்துக்கொண்டு, வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும் என்று இருந்தேன்.

ஒழுங்கு என்று நான் சொல்வது முக்கியமாக ஒரு விதியை. மனதைப் பற்றிய பகுதி வரும்போது பதில் சொல்பவருக்குப் பக்கத்தில் வேறு ஒருவரும் இருக்கக்கூடாது. எங்கள் வீடுகளில் இதை நடைமுறைப்படுத்திப் பாருங்கள், அப்போது தெரியும். வெளியாள் வந்தால் விறாந்தையில் கதிரை போடுவார்கள், பிறகு வீடு முழுவதும் வந்து சுற்றி நிற்கும், பக்கத்து வளவில் இருந்தும் ஒருவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டுவார். மனைவியைக் கேட்டால் கணவர் பதில் சொல்வார். "அவவுக்கு ஒரு கவலையுமில்லை, எழுதுங்கோ." அவ பக்கத்தில் நின்று தலையாட்டுவா. நான் பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லிக் கொடுப்பேன். "மரியாதையாச் சொல்லுங்கோ, ஆனால் எழுப்பி அனுப்புங்கோ. தாயெண்டாலும் சரி, புருசன் எண்டாலும் சரி, போதகர் எண்டாலும் சரி. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்லக்கூடாது. என்னட்டையும் சொல்லக்கூடாது." இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பகுதி தொடங்கும்போது இரண்டு கேள்விகள் வரும். போன இரண்டு கிழமைக்குள் உங்களுக்குப் பிடித்த காரியங்களில் நாட்டம் இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, ஒன்றிலும் நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? இரண்டுக்கும் இல்லை என்று சொன்னால் அந்தப் பகுதி அதோடு முடிந்துவிடும். உடனே எழும்பி, நிறை பார்க்கிற மெசினை நிலத்தில் வைத்து, ஆளை ஏறி நிற்கச் சொல்ல வேண்டியதுதான். ஓம் என்று சொன்னால்தான் மற்றக் கேள்விகள் வரும். நித்திரை, பசி, தன்னில் தனக்கே வெறுப்பு என்று போய், உயிரோடு இருந்து என்ன என்று தோன்றியதா என்பதில் வந்து நிற்கும். அப்படிச் சொன்னவர்களுக்கு, வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் நடக்கிறது, அங்கே போகலாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். இதுவும் விதி. பெரும்பாலான வீடுகளில் அது வரைக்கும் போவதே இல்லை. "இருக்கிறம்" என்ற சொல்லோடு மெசின் நிலத்துக்கு வந்துவிடும்.

போன வருடம் வட்டுக்கோட்டையில் எங்கள் பகுதியும் கணக்கெடுப்புக்குள் வந்தது. எந்த வீடு என்பதைக் கொழும்பில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது போல எடுத்து அனுப்புவார்கள். அதில் எங்கள் வீடும் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "ஊரை விசாரிச்ச பாவம், வீட்டுக்கு வருகுது" என்றார் கணவர். என் சொந்த வீட்டில் நான் கை வைக்க முடியாது. உடுப்பிட்டியில் இருந்து வருகிற ஒரு பிள்ளையை அனுப்பினேன். நான் பயிற்சி கொடுத்தவர்களில் கெட்டிக்காரி, கூச்சக்காரி, என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், கணவர், என் அக்கா. மகள் கொழும்பில் படிக்கிறாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வழக்கப்படி தாயின் வீடு மூத்த மகளுக்குத்தான் சீதனமாகப் போயிருக்க வேண்டும். அக்காவுக்குப் பேசி வந்த சம்பந்தங்கள் இடப்பெயர்வுகளுக்குள் ஒவ்வொன்றாகக் குழம்பிப் போயின. பிறகு எனக்குப் பேசி வந்தது. மாப்பிள்ளை பகுதி வீடு இருக்கிறதா என்று கேட்டார்கள். அக்கா பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் வந்து, "எனக்கென்னத்துக்கு வீடு, நான் இவளோடை தானே இருக்கப்போறன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். அவர் பாலர் பாடசாலை ரீச்சராக இருந்தவர். எனக்கு இந்த வேலை கிடைத்தபோது மகள் கைக்குழந்தை. அக்கா அந்த வேலையை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். பார்த்தார் என்றால், நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வரும்போது பிள்ளை குளித்து, சாப்பிட்டு, பாட்டும் பாடிக்கொண்டிருப்பாள். மகள் கொழும்புக்குப் போனதும் நான் அக்காவிடம், "இனி உங்களுக்கு ஓய்வுதான்" என்று சொன்னேன். நல்ல விசயம் சொல்லுகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அந்தப் பிள்ளை வந்த அன்று கணவர் கந்தோருக்கு வேலைக்குப் போய்விட்டார். விறாந்தையில் இருந்து, மடியில் பதில்களைப் பதிகிற ரப்லெற்றை வைத்துக்கொண்டு, வீட்டில் யார் யார் என்று என்னிடம்தான் முதலில் கேட்டாள். வீட்டுத் தலைவர் யார்? ஆம்பிளை இருக்கிற வீட்டில் இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் யோசிக்கிற வழக்கம் இல்லை. கணவரின் பெயரைச் சொன்னேன். பிறகு ஒவ்வொருவரும் தலைவருக்கு என்ன முறை என்று சொல்ல வேண்டும். நான் மனைவி. அக்கா?

"மனைவியின்ரை தமக்கை எண்டு இதிலை இல்லை மிஸ்" என்றாள் பிள்ளை தயங்கி.

"பிற உறவினர் எண்டு போடு பிள்ளை. அதுதான் முறை."

வேலையில் சொல்கிற குரலில் சொல்லிவிட்டேன். நிமிர்ந்தால் அக்கா தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றார். பிறந்ததும் வளர்ந்ததும் இந்த வீட்டில், கையெழுத்து வைத்து அதைத் தங்கைக்குக் கொடுத்தவர், அவர்தான் பிற உறவினர். அக்கா தட்டை வைத்துவிட்டு, "சீனி காணுமோ பிள்ளை?" என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. ஆனால் எழுதியதை மாற்ற வேறு சொல் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.

வீட்டில் இருக்கிற வளர்ந்தவர்களில் ஒருவரை ரப்லெற்றே தெரிவு செய்யும். அது அக்காவைத் தெரிவு செய்தது.

"என்னையோ? எனக்கு என்ன தெரியும்?" என்று அக்கா சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தார். சாப்பாடு, தண்ணீர், ஆஸ்பத்திரிக்குப் போனது என்று கேள்விகள் போயின. பிறகு பிள்ளை என்னைப் பார்த்தாள்.

"மிஸ், குறை நினையாதேங்கோ. கொஞ்சம் வெளியாலை நிக்கிறியளே?"

எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. சொல்லிக் கொடுத்தவளையே எழுப்பி அனுப்புகிறாளே, இதல்லவா பயிற்சி என்று நினைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். சீமெந்து நிலத்தில் மெசின் வைக்கிற சத்தம் இப்போது கேட்கும், உள்ளே போகலாம் என்று காது கொடுத்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்கவில்லை. கணவரின் சேர்ட்டுகளை மடித்தேன். படுக்கை விரிப்பை மடித்தேன். பிள்ளையின் குரல் மெல்லக் கேட்கும், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது, பிறகு அக்காவின் குரல். சொற்கள் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விகள் எனக்கு மனப்பாடம். இது நித்திரை, இது பசி, இது தன்னில் வெறுப்பு என்று என்னை அறியாமலே எண்ணிக்கொண்டு போனேன். நிறுத்த முடியவில்லை. கடைசிக் கேள்வி வந்திருக்க வேண்டிய இடத்தில் நீளமான மௌனம். பிறகு அக்கா மூக்கைச் சிந்துகிற சத்தம். மடிக்க உடுப்பு இல்லாமல், மடித்ததையே உதறித் திரும்ப மடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, கோபம். அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதில் பிரயோசனம் இல்லை. ஒரே வீட்டில், ஒரே குசினியில், ஒவ்வொரு நாளும் முகத்துக்கு முகம் பார்க்கிற எனக்குச் சொல்லாததை நேற்று வந்த பிள்ளைக்குச் சொல்லுகிறாவே என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபம் அடங்கிய பிறகுதான், நான் எப்போது அக்காவைக் கேட்டேன் என்று யோசித்தேன். யாழ்ப்பாணம் முழுக்க முன்பின் தெரியாத சனத்திடம் மனம் எப்படி என்று கேட்டிருக்கிறேன். அக்காவிடம் நான் கேட்டதெல்லாம் என் குடை எங்கே, இன்றைக்கு என்ன கறி என்பதுதான்.

மெசின் வைக்கிற சத்தம் ஒருவழியாக வந்தது. பிள்ளை வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் ஸ்கூட்டியில் பையைக் கொளுவினாள். நான் படலை வரைக்கும் போனேன். ஸ்கூட்டியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சொன்னவா?"

"மிஸ்…"

"நான் அவவின்ரை தங்கச்சி. எனக்குத் தெரிய வேணும்."

"நீங்கள் தானே மிஸ் சொல்லித் தந்தனீங்கள்" என்றாள். கண் கலங்கிவிட்டது. மேலதிகாரி கேட்கிறா, சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்று அந்தப் பிள்ளை பயந்திருப்பாள். அந்தப் பயத்தையும் நான்தான் கொடுத்தேன். கையை எடுத்தேன். அவள் போய்விட்டாள்.

உள்ளே அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "என்னடி, வெயிலுக்கை நிண்டு மூஞ்சை கறுத்துப்போச்சு. தேசிக்காய்த் தண்ணி கரைச்சுத் தரட்டே?" என்று கேட்டார். எப்போதும் போலத்தான் இருந்தார். அந்த "எப்போதும் போல" எத்தனை காலமாக நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மீன் கறி எனக்கு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகவில்லை. சனம் வீட்டில் இருக்கிற நாள் என்பதால் ஞாயிறுகளில்தான் எங்களுக்கு வேலை கூட. அதனால் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கு நான் ஒழுங்காகப் போவதில்லை. அக்கா போவார், பாடகர் குழுவில் பாடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அக்காவின் குரல்தான் குரல். எனக்கு வாய்த்தது சத்தம் மட்டும். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். பாடகர் குழு எழும்பியபோது அக்கா எழும்பவில்லை. என் பக்கத்தில், பின்வாங்கில், பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் இருந்தார்.

"பாடேல்லையோ அக்கா?"

"தொண்டை சரியில்லை" என்றார். வெளியே வரும்போது பாடகர் குழுவில் இருக்கிற ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவை ஒருக்கால் சொல்லி அனுப்புங்கோவன், எவ்வளவு காலம் நாங்களும் கேக்கிறது" என்றா. பிடித்த காரியங்களில் நாட்டம் இல்லாமல் இருந்ததா என்ற கேள்வியை அதன் பிறகு என்னால் பயிற்சியில் வாய்விட்டு வாசிக்க முடியவில்லை. வேறொருவரைக் கொண்டு வாசிப்பித்தேன்.

அந்தக் கிழமை முழுவதும் நான் அக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தேங்காய் திருவப் போனேன். வேண்டாம், கையை வெட்டிப் போடுவாய் என்றார். கடையில் இருந்து சாப்பாடு வாங்கி வந்தேன். உறைப்புக் காணாது என்றார். பரிவு காட்டத் தெரியாதவர்கள் திடீரென்று பரிவு காட்டினால் அது எவ்வளவு தொந்தரவாக இருக்கும் என்று இப்போது விளங்குகிறது. அப்போது, ஏதாவது செய்ய வேண்டும் என்ற அவதிதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அந்த அவதியிலும் பாதி அக்காவுக்காக, பாதி என் குற்ற உணர்வு குறைய வேண்டும் என்பதற்காக.

வியாழக்கிழமை வந்தது. நான் வேலைக்கு வெளிக்கிட்டு, குடையை மறந்துவிட்டேன் என்று பாதியில் திரும்பி வந்தேன். அக்கா கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சீலை கட்டி, கைப்பை எடுத்துக்கொண்டு, படியில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார். தலை இழுத்து, பவுடர் பூசி, பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாளில் இருந்த மாதிரி இருந்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், அக்கா கிளினிக்குக்குப் போகப் போகிறார்.

வெளிக்கிட்டு நிற்கிறவரை எங்கே போகிறாய் என்று எங்கள் ஊரில் கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் தடைப்படும் என்று சொல்லுவார்கள். கேட்டே ஆக வேண்டும் என்றால், "தூரமோ?" என்று கேட்பார்கள். மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம், இதையெல்லாம் நம்புகிறதில்லை என்று சொல்லுவோம். ஆனால் எங்கள் வீட்டிலும் ஒருவரும் கேட்டதில்லை. நான் கேட்டேன்.

"எங்கை அக்கா போறியள்?"

அக்காவின் கை செருப்பில் அப்படியே நின்றது.

"சும்மா. கடைக்கு."

அதோடு விட்டிருக்கலாம். குடையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு நல்ல தங்கையாக இருக்க இதுதான் நேரம் என்று நினைத்தேன்.

"கிளினிக்குக்கு எண்டால் தனியப் போகாதேங்கோ அக்கா. நானும் வாறன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். முகம் இருண்டு, அதில் இருந்த பவுடர் மட்டும்தான் வெள்ளையாகத் தெரிந்தது.

"ஆர் சொன்னது கிளினிக் எண்டு? அந்தப் பிள்ளையோ?"

"ஐயோ இல்லை. அவள் ஒரு சொல்லும் சொல்லேல்லை."

"அப்ப உனக்கு என்னெண்டு தெரியும்?"

பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். சொன்னேன். பிரச்சினை இல்லை என்றால் சீக்கிரம் முடியும், இருக்கிறது என்றால்தான் நீளும், நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன், கன நேரம் எடுத்தது, அதனால் விளங்கிவிட்டது. சொல்லச் சொல்ல எனக்கே அது களவு மாதிரி இருந்தது.

"வெளியாலை நிண்டு நேரம் பாத்தனியோ?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"ஒருத்தரும் கேக்க மாட்டினம், ஒருத்தருக்கும் போகாது எண்டு சொல்லிச்சுது அந்தப் பிள்ளை. நானும் நம்பிச் சொன்னன்." அக்கா படியில் இருந்து செருப்பைக் கழற்றினார். "கேட்டிட்டாய். இனி எங்கை போறது."

"அக்கா, அந்த மூடநம்பிக்கை எல்லாம்…"

"மூடநம்பிக்கையோ, என்னவோ. விடு."

நான் பக்கத்தில் இருந்தேன். தொடப் பயமாக இருந்தது. "என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன். இதைவிட மோசமான ஒன்றை அந்த நேரத்தில் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். அக்கா கோபிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துகிற மாதிரிச் சொன்னார்.

"அது பிறத்திப் பிள்ளை. கேட்டிட்டுப் போட்டுது. உனக்குச் சொன்னால், விடிஞ்சால் பொழுதுபட்டால் உன்ரை முகத்திலை தானே முழிக்க வேணும். நீ என்னைப் பாவம் எண்டு பாப்பாய். இந்தக் கிழமை முழுக்க அப்பிடித்தானே பாத்தனி. எனக்கு அது ஏலாது." எழும்பிக் கைப்பையை எடுத்தார். "இனி ஆர் வந்து கேட்டாலும், இருக்கிறம் எண்டு சொல்லி அனுப்பிவிடுவன். உனக்கும் பயப்பிட ஒண்டுமில்லை."

உள்ளே போய் நீலச் சீலையை மாற்றிக்கொண்டு வந்து, வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

கணவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஏற்கனவே ஒருமுறை அக்காவின் வார்த்தையைத் திருடிவிட்டேன், அதை இன்னொருவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க மனம் வரவில்லை. உடுப்பிட்டிப் பிள்ளையைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மிஸ்" என்றாள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பெறுமதி என்று எனக்குத் தெரியும். கணக்கெடுப்பு முடிந்து, முடிவுகள் கூட்டிக் கழித்து வந்தபோது, மனச்சோர்வு இருக்கிறது என்று சொன்னவர்கள் எங்கள் பகுதியில் இவ்வளவுதானா என்று கூட்டத்தில் ஒரு டொக்டர் ஆச்சரியப்பட்டார். நான் குனிந்துகொண்டு இருந்தேன். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் கிணற்றடியில் நின்று காது கொடுத்திருப்பார்கள், அது தெரிந்து எத்தனை பேர் உள்ளே இருந்து "இருக்கிறம்" என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்ன ஒருவரையும் நான் "இருக்கிறம்" என்று சொல்கிறவர்களோடு சேர்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் நான் வேளைக்கே வெளிக்கிட்டுவிடுகிறேன். எதை மறந்தாலும் திரும்பி வருவதில்லை. மழையில் நனைந்தும் போயிருக்கிறேன். வீடு வெறுமையாக இருந்தால், கேட்க ஒருவரும் இல்லை என்றால், அக்காவுக்கு மனம் வரலாம். அவருக்காக என்னால் செய்யக்கூடியது நான் அங்கே இல்லாமல் இருப்பதுதான் என்று ஆகிவிட்டது. பின்னேரம் திரும்பி வந்தால் சோறும் கறியும் மூடி வைத்திருக்கும், அக்கா முற்றம் கூட்டிக்கொண்டு நிற்பார். போகவில்லை என்று தெரியும். இப்படியே பல வியாழக்கிழமைகள் போயின.

இந்தக் கிழமை வியாழன் மத்தியானத்தோடு வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. எங்கள் வீட்டுக் கதவு பகலில் பூட்டியிருந்து நான் கண்டதே இல்லை. கிணற்றடிக்கு ஓடிப் பார்த்தேன். ஏன் அங்கே ஓடினேன் என்று எழுத வேண்டியதில்லை, வாசிக்கிறவர்களுக்கு விளங்கும். ஒன்றும் இல்லை. வாளி கவிழ்த்தபடி இருந்தது. திரும்பி வந்து படியில் இருந்தேன்.

கன நேரத்துக்குப் பிறகு படலை திறந்தது. அக்கா, நீலச் சீலையோடு. கையில் பாண். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"வேளைக்கு வந்திட்டியோ? சோறு போடேல்லை. பாண்தான்."

"பாண் காணும் அக்கா."

கைப்பையில் இருந்து திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தார். செருப்பில் செம்புழுதி. ஆஸ்பத்திரிக்குத்தான் போனாரா, வேறெங்கும் போனாரா, போனாலும் உள்ளே போனாரா, வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாரா, ஒன்றும் எனக்குத் தெரியாது. நாக்கு நுனியில் கேள்வி நின்றது. ஊரெல்லாம் கேட்டுத் திரிகிறவளுக்குத் தன் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்க வாயில்லை, அந்த வாயை அடைத்ததும் நான்தான். தெரியாமல் இருப்பதுதான் எனக்குச் சரி என்று தோன்றியது.

அக்கா வாசலைத் தாண்டுமுன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேளாதை, என்ன" என்றார்.

"கேக்கேல்லை அக்கா."